பேரத்தில் குட்டையான பெரியவர்

சிற்பியிடம் பேரம் பேசக்கூடாது என்று வணிகர் சங்கத்துக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் புத்தியைப் பாதி விலைக்குக் கேட்டிருப்பார்கள்.

பெரியவருக்குச் சிலை வைப்பது என்று முடிவானதும் சங்கத் தலைவரே நேரில் போய்ப் பேசினார். தானிய மொத்த வியாபாரி அவர். எதிராளி சொல்லும் முதல் விலையைக் கேட்டுச் சிரிப்பது, எழுந்து வாசல்வரை போவது, செருப்பை மாட்டிவிட்டுத் திரும்பி வருவது என்று தனக்கென ஒரு முறை வைத்திருந்தார். சிற்பியின் பட்டறை வாசலில் செருப்பு பலமுறை காலில் ஏறி இறங்கியது. கடைசியில் சிற்பி கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்றார். தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குத் திரும்பினார்.

"கல்லுல நார் உரிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான் வெண்கலத்துலயே உரிச்சுட்டு வந்திருக்கேன்."

சிலை வந்து இறங்கிச் சாக்குத்துணியைப் பிரித்தபோது சந்தைச் சதுக்கமே கூடி நின்றது. முகம் அச்சு அசல். ஒரு பக்கமாக வாரிய முடியும் பொத்தான் போடாத மேல்சட்டையும் அப்படியே இருந்தன. உயரம்தான் உதைத்தது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவரின் மார்புக்குத்தான் பெரியவரின் தலை வந்தது.

"இது அவரோட சின்ன வயசுச் சிலையா?" என்று டிரைவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

தலைவர் உடனே சிற்பிக்கு போன் போட்டுக் கத்தினார். சிற்பி கத்தவில்லை. "நீங்க விலையைக் குறைச்சீங்க, நான் வெண்கலத்தைக் குறைச்சேன். மூக்கை மட்டும் குறைக்க முடியுமா, சொல்லுங்க? எல்லாத்தையும் சரிசமமாக் குறைச்சிருக்கேன்" என்றார்.

எங்கேயோ கேட்ட நியாயம் போலிருந்தது தலைவருக்கு. எடையைக் கொஞ்சம் இறக்கி விலையைக் காப்பாற்றும் அதே நியாயத்தின் மேல்தான் அவருடைய சொந்தக் கிடங்கும் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் வியாபாரி ஒரு வாசல் அடைத்தால் மறு வாசல் பார்ப்பவன். "உயரம் சிலையிலதான் இருக்கணும்னு எவன் சொன்னான்? பீடத்தைத் தூக்கு!" என்றார். நாலு பக்கமும் படி, படிக்கு வெளியே சங்கிலி வேலி, நடுவில் ஆளுயரத்துக்கும் மேலே பீடம் என்று வரைபடம் மாறியது. வேலையாட்கள் வந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு நீண்டுபோய்க் குடைக்கடையின் வாசற்படியைத் தொட்டு நின்றது.

குடைக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அந்தக் கோட்டில் பீடம் எழும்பினால், வருகிற ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நுழையவேண்டும். உள்ளே இருக்கும் சரக்கு வெளியே ஒருவர் கண்ணுக்கும் தெரியாது. மழை பெய்யும்போது ஓடிவருகிறவன் எந்தக் கடை வாசல் முதலில் தெரிகிறதோ அங்கேதான் ஒதுங்குவான். குடை வியாபாரத்தின் உயிர்நாடியே அந்த ஓட்டம்தான்.

கடையின் பின்புறம் பழுதுபார்க்கும் மேசையில், கம்பி முறிந்த குடை ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்த அவர் மனைவி தலை நிமிராமலே கேட்டாள். "என்ன கோடு அது?"

"பீடம்."

"பெரியவருக்குப் பீடமா, நம்ம கடைக்குச் சமாதியா?"

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? போய் முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க."

"நான் சொல்ல முடியுமா? சொன்னா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாது? 'அப்பன் அவரை உயிரோட இருக்கறப்ப பேசவிடல, மகன் செத்தப்புறம் நிக்கவிடல'ம்பாங்க."

அதுதான் சிக்கல். இந்த வட்டாரத்துக்கென்று முதன்முதலாக ஒரு சபை அமைந்தபோது அதன் தலைவர் பெரியவர். அதற்கு முன்பு இங்கே ஒரு சாக்கடைக்கு மூடி போடவேண்டுமென்றாலும் தலைநகரத்தில் எவனோ கையெழுத்துப் போடவேண்டும். அவன் போடுவதற்குள் விழுந்தவன் தானாக ஏறி வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிடுவான். பாலம், ஆஸ்பத்திரி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் பெரியவர் காலத்தில் வந்தவை. ஒவ்வொன்றையும் "இதுக்கு ஏன் இவ்வளவு செலவு? இது ஏன் அந்தத் தெருவில் இல்லை?" என்று எதிர்வரிசையில் நின்று குடைந்தெடுத்தவர் குடைக்கடைக்காரரின் அப்பா. "எல்லாரும் அவருக்குக் குடை பிடிக்கிறாங்களே, நீங்க மட்டும் ஏன்யா முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று யாரோ கேட்டதற்கு, "நான் குடை விக்கிறவன், பிடிக்கிறவன் இல்ல" என்றாராம். அந்தச் சபை தொடங்கிய பொன்விழாவுக்குத்தான் இந்தச் சிலை. பெரியவரை ஊர் நினைவில் வைத்திருந்தது. அவரை எதிர்த்தவரை, எதிர்த்தார் என்பதற்காக மட்டும் நினைவில் வைத்திருந்தது.

"அப்போ குடையைக் கையில வச்சுக்கிட்டே நனையப் போறீங்களா?" என்றாள் மனைவி. புதுக் கம்பியைத் துணியோடு சேர்த்துத் தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள். "எதிர்க்க முடியாதுன்னா புகழுங்க. புகழ்ந்தே காரியம் சாதிக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லையா? எங்க அம்மா வீட்டுல பாதிப்பேர் அப்படித்தான்."

குடைக்கடைக்காரர் குடைகளின் கைப்பிடிகளைத் துடைப்பதுபோல் நின்றார். கைப்பிடி துடைத்தால் அவருக்கு யோசனை வரும். வந்தது ஒரு யோசனையாக அல்ல, ஒரு பெட்டியாக.

சபைக்குக் கட்டடம் இல்லாத நாள். இதே சதுக்கத்தில், இப்போது சிலைக்குக் குறித்திருக்கும் இடத்தில்தான், பழைய தானியக் கிடங்கின் வாசல் இருந்தது. முதல் கூட்டம் அந்தக் கிடங்குக்குள். உறுப்பினர்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். குடைக்கடைக்காரர் அப்போது சிறுபிள்ளை. வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்தார். பெரியவர் மேசைக்குப் பின்னால் போய் நின்று பேசத் தொடங்கினார். மேசைக்கு மேலே அவருடைய நெற்றியும் வாரிய முடியும் மட்டும் தெரிந்தன. எங்கோ ஒரு மூட்டை சிரித்தது. பிறகு எல்லா மூட்டைகளும் சிரித்தன. அப்பா எழுந்து விறுவிறுவென்று வெளியே நடந்தார். முதல் நாளே வெளிநடப்பு என்று நினைத்தார்கள். கடைக்குப் போனவர் சரக்கு வந்த மரப்பெட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, மேசைக்குப் பின்னால் தொப்பென்று போட்டார்.

"ஏறி நில்லுங்க. உங்களைத் திட்டணும்னா உங்க முகம் எனக்குத் தெரியணும்."

பெரியவர் ஏறி நின்றார். சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "என்னை உயர்த்தினவருக்குத்தான் இந்தச் சபையில முதல் கேள்வி" என்றார்.

இன்றுவரை சபை கூடினால் முதல் கேள்வி எதிர்வரிசைக்குத்தான். பெரியவரின் பெருந்தன்மை என்று விழா மலரில்கூட அச்சடித்திருந்தார்கள். பெட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இல்லை.

"சொல்லிப் பாக்கறேன்" என்றார் குடைக்கடைக்காரர், விஷயத்தை மனைவியிடம் விவரித்துவிட்டு.

"வெறுங்கையோடவா? அங்க உக்காந்திருக்கிற ஆளுங்க கையில தொட்டுப் பாக்காத சரக்கை நம்புவாங்களா?"

நம்பமாட்டார்கள். அவரே நம்பமாட்டார். பரணில் பழைய மரப்பெட்டி ஒன்று இருந்தது. அப்பா தூக்கிப்போன பெட்டி அல்ல. பின்னாளில் ஏதோ சோப்பு வந்த பெட்டி. உள்ளே கிடந்த உடைந்த கைப்பிடிகளைக் கொட்டிவிட்டுத் தூசி தட்டினார். அந்தக் காலத்துக் கடைப் பெட்டிகளில் எல்லாம் பக்கவாட்டில் ஒரு விரித்த குடை முத்திரை இருக்கும். அப்பாவின் தகர அச்சு மேசை இழுப்பறையில் இருந்தது. கறுப்பு மையும் இருந்தது. எல்லாம் இருக்கும்போது மனுஷன் என்ன செய்வான்?

"காயட்டும்" என்றாள் மனைவி.

"மதியம் கூட்டம். நேரமில்ல."

சங்கத்து மாடியில் தலைவர், செயலாளரான இரும்புக்கடைக்காரர், கண்ணாடிக்கடைக்காரர் என்று எல்லோரும் கூடியிருந்தார்கள். நடுவில் மாத்திரை அக்கா. பெரியவரின் ஒரே மகள். சதுக்கத்தின் அந்தக் கோடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மாத்திரை விற்பதால் வந்த பெயர் அல்ல அது. பேச்சையும் வேளைக்கு ஒன்றாக அளந்துதான் கொடுப்பார். அவர் தலையசைக்காமல் விழாவில் ஒரு பந்தல்கால்கூட நடமுடியாது.

தோளில் பெட்டியோடு நுழைந்த குடைக்கடைக்காரரைப் பார்த்துத் தலைவர் புருவத்தைத் தூக்கினார். "என்னப்பா, கூட்டத்துல வந்து கடை விரிக்கிறே? இன்னிக்குப் பேசவேண்டிய விஷயத்துல குடை இல்லையே."

"ஒரு வார்த்தை, அண்ணே..."

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. நாளைக்குப் பீட வேலை ஆரம்பம்."

மாத்திரை அக்கா விரலால் மேசையைத் தட்டினார். "எங்கப்பா பேருல நடக்கிற கூட்டம் இது. முதல் கேள்வி இந்தத் தம்பிக்குத்தான்."

குடைக்கடைக்காரர் பெட்டியை இறக்கி வைத்தார். தொண்டையைச் செருமினார். புகழ்ச்சியில் ஆரம்பிப்பதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தார். வாயில் வந்தது வேறு.

"பெரியவர் எவ்வளவு உயரம்?"

மகளை எதிரில் வைத்துக்கொண்டு யார் சொல்வது?

"நல்ல... கம்பீரம்" என்றார் இரும்புக்கடை.

"பார்வைக்கு உயரம்தான்" என்றார் கண்ணாடிக்கடை. பார்வையைப் பற்றி அவருக்குத்தானே தெரியும்.

"குட்டை" என்றார் மாத்திரை அக்கா. "என்னை மாதிரி. தம்பி, இதைக் கேக்கவா பெட்டியைத் தூக்கிட்டு வந்தீங்க? எனக்குத் தெரியும், இவ்வளவு பெரிய பீடம் உங்க வாசல்ல இடிக்கும். ஆனா நான் ஏன் சரின்னேன் தெரியுமா? ஆயுசு முழுக்க அவர் மத்தவங்களை அண்ணாந்து பாத்துத்தான் பேசினார். 'குள்ளவாத்து'ன்னு கூப்பிட்டவங்க இருக்காங்க. பள்ளிக்கூடத்துல என்னையும் கூப்பிட்டாங்க, வாத்துக்குஞ்சுன்னு. ஒரு தடவையாவது ஊரு அவரை அண்ணாந்து பாக்கட்டும்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. குடைக்கடைக்காரருக்கு வாசல் கண்ணெதிரே மூடிக்கொண்டு வருவது தெரிந்தது. மகளின் அந்த ஆசைக்கு முன்னால் ஒரு கடை வாசலை எப்படி நிறுத்துவது? அப்பாவின் மகனாக நின்றால் வம்பு. கடைக்காரராக நின்றால் கேவலம். வேறு வழியில்லாமல் வாசலில் நின்று பார்த்த அந்தச் சிறுபிள்ளையாக நின்று கதையைச் சொன்னார். நெற்றி மட்டும் தெரிந்ததை, மூட்டைகள் சிரித்ததை, அப்பா எழுந்து போனதை, பெட்டி விழுந்த சத்தத்தை. "அன்னிக்கு அவர் அந்தப் பெட்டி மேல நின்னப்ப யாரும் அண்ணாந்து பாக்கலக்கா. ஆனா யாரும் சிரிக்கவும் இல்ல" என்று முடித்தார்.

மாத்திரை அக்கா பெட்டியைப் பார்த்தார்.

தலைவர் எழுந்து வந்து, சரக்கு பார்க்கிற பழக்கத்தில் பெட்டியைக் காலால் லேசாகத் தட்டினார். "அந்தப் பெட்டியா இது?"

ஒரு வியாபாரியிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. விடை மூளைக்குப் போகாமலே நாக்குக்கு வந்துவிடும்.

"இதேதான் அண்ணே. ஒரிஜினல்."

மாத்திரை அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். குனிந்து, முத்திரையின் மேல் ஒரு விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். பிறகு கையை மூடிக்கொண்டார்.

"படி வேண்டாம்" என்றார். "வேலி வேண்டாம். பீடம் பெட்டி அளவுதான். பெட்டி மாதிரியே இருக்கட்டும், குடை முத்திரையோட."

பளிங்குக்கல் பில் ஒன்று தன் தோளிலிருந்து இறங்கிப் போவதைத் தலைவர் உணர்ந்தார். "வரலாறுன்னா வரலாறு!" என்றார் உருக்கமாக. "நான் அப்பவே நினைச்சேன்."

எப்போது நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"தம்பி, பெட்டியைத் தூக்கிட்டு என்கூட வாங்க" என்றார் மாத்திரை அக்கா.

மருந்துக்கடைக்குள் நுழைந்ததும் அவர் குடைக்கடைக்காரரைக் கல்லாவுக்குப் பின்பக்கம் அழைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. வெளியே நின்று தலைவலி மாத்திரை வாங்கியதோடு சரி. அக்கா மூடிய கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியில் கறுப்பு மை.

"காயறதுக்குள்ள கொண்டு வந்துட்டீங்களே, தம்பி."

குடைக்கடைக்காரருக்குக் காது மடல் சுட்டது. "கடை வாசலுக்காகத்தான் அக்கா வந்தேன். மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா சொன்ன கதை பொய் இல்ல."

"கதை பொய் இல்லன்னு எனக்குத் தெரியாதா? பெட்டிதான் பொய்." அவர் காலால் தரையைக் காட்டினார்.

மருந்து அலமாரியின் கீழே, ஏறி மிதித்து மிதித்து நடுவில் குழிந்துபோன மரப்பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. மூலைகள் மழுங்கியிருந்தன. பக்கவாட்டில், பாதி அழிந்து, விரித்த குடை ஒன்று. அக்கா அதன்மேல் ஏறி நின்றார். மேல்தட்டில் இருந்த இருமல் மருந்து இப்போது அவர் கைக்கு எட்டியது. கல்லாவுக்கு வெளியே நின்று பார்க்கும் ஊருக்கு அவர் எப்போதும் இந்த உயரம்தான்.

"கிடங்குல நடந்த கடைசிக் கூட்டம் முடிஞ்சதும் அப்பாவே இதைத் தோள்ல தூக்கிட்டு வந்தார். காலையில கொண்டுபோய்க் கொடுத்திடணும்னார். காலையில காய்ச்சல். அதுக்கப்புறம் அவர் எழுந்திரிக்கல. இரவல் வாங்கினதைத் திருப்பித் தராமப் போயிட்டாரேன்னு அம்மாவுக்கு ஒரே கூச்சம். நான் கடை ஆரம்பிச்சப்ப உங்கப்பா மருந்து வாங்க வந்தார். நான் இதுமேல நிக்கிறதைப் பாத்துட்டார். எனக்கு உயிரே போயிடுச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டு, 'உங்கப்பன் பேசறதுக்கு ஏறினான், நீ பொழைக்கிறதுக்கு ஏறு. இறங்கிடாதே'ன்னு சொல்லிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமப் போயிட்டார்."

குடைக்கடைக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எதையாவது வாங்காமல் வந்தார் என்பதை நம்புவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டப்பட்டு நம்பினார். கண் கலங்கியதை மறைக்க, "இதை எடுத்துக்கிட்டுப் போய் அளவு எடுக்கவாக்கா?" என்று கேட்டார்.

"இங்கேயே அளவெடுங்க. பெட்டியைத் தரமாட்டேன். இருமல் மருந்து யார் எடுக்கிறது?" அக்கா இறங்கினார். "இன்னொண்ணு. சிலை மார்க்கெட்டைப் பாத்து நிக்கவேண்டாம். உங்க கடையைப் பாத்து நிக்கட்டும்."

"ஊருக்கு முதுகைக் காட்டிட்டா?"

"அவர் பேசறப்ப உங்கப்பாவைப் பாத்துத்தான் பேசுவார். ஊரு அதைக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்."

பேரத்தில் ஒன்று வாங்கினால் ஒன்று விடவேண்டும் என்பது குடைக்கடைக்காரர் தொட்டிலில் கற்ற பாடம். வாசல் கிடைத்திருக்கிறது. சிலை எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று தலையாட்டிவிட்டார். எதை விட்டோம் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

சிலை திறந்தார்கள். தலைவர் தானே அந்தப் பெட்டியைத் தூக்கி வந்ததுபோல் பேசினார். பெட்டி வடிவப் பீடத்தின் மேல் குட்டையான வெண்கலப் பெரியவர் நின்றார். சுற்றிலும் தாராளமாக நடக்க இடம் இருந்தது. குடைக்கடைக்காரருடைய அப்பாவின் பெயரும் பீடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. பெட்டி கொடுத்தவர் என்று.

விழா முடிந்து கடை திறந்த அன்று வானம் இருண்டு வந்தது. ஒருவர் சதுக்கத்தைக் கடந்து ஓடிவந்து, சிலையைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்குள் ஏறினார். நல்ல வாசல். குடைக்கடைக்காரருக்கு மனம் நிறைந்தது. ஒரு குடையைப் படாரென்று விரித்துக் காட்டினார்.

"எவ்வளவு நாள் உழைக்கும்?" என்றார் வந்தவர்.

உங்க பேரனுக்குப் பேரன் பிடிப்பான் என்பது அந்தக் கடையின் பரம்பரை விடை. குடைக்கடைக்காரர் வாயைத் திறந்தார். வந்தவரின் தோளுக்கு மேலே, வாசலுக்கு வெளியே, சரியாக அவர் கண் மட்டத்தில் இரண்டு வெண்கலக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. விடைக்காகக் காத்திருக்கும் பார்வை.

"ரெண்டு மழைக்காலம்" என்றார். "காத்துல திருப்பிப் பிடிச்சா கம்பி போயிடும். போனா கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம்."

வந்தவர் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். எந்தக் கடையிலும் கேட்டிராத பேச்சு. குடையை வாங்கிக்கொண்டு, ஏதோ ஏமாந்துவிட்டோமா என்ற சந்தேகத்தோடு இறங்கிப் போனார்.

பின்னால் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வாசலைக் காப்பாத்திட்டீங்க. வாயைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கீங்க."

"அக்காகிட்ட கேட்டு வேணும்னா கொஞ்சம் திரும்பி நிக்க வைக்கலாமான்னு..."

"கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அவள். "முதல் கேள்வி உங்களுக்குத்தானே."

வெளியே தூறல் விழுந்தது. பெரியவரின் வாரிய முடியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு இறங்கித் தொங்கியது. குடைக்கடைக்காரர் கை தன்னையறியாமல் ஒரு குடையை எடுத்தது. விரித்து, வாசற்படிவரை போனார். 'பிடிக்கிறவன் இல்ல' என்ற அப்பாவின் ஞாபகம் வந்தது. நின்றார். குடையை மடக்கி, சிலையின் பார்வையில் படும்படி வாசலிலேயே, விற்பனைக்கு மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.